700 சதுர அடியில் ஒரு கல்யாணம்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா இருக்கும் அறைக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக முன்னால் நகர்கிறார்கள். மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். மளிகைக் கடையில் கொடுக்கும் காலண்டரைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு இன்னொரு ஓவியம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 6.7 மீட்டர், அகலம் 9.9 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 700 சதுர அடிக்கு மேல். அந்த அளவில் சென்னையில் ஃப்ளாட் வாங்கிக் குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள்.

பாவ்லோ வெரோனேசே 1562-லும் 1563-லும் வெனிஸில் வரைந்த ‘கானாவூர்க் கல்யாணம்’ அது. ஏறத்தாழ 130 பேர் அதில் இருக்கிறார்கள். நாய்கள் உண்டு, பூனை உண்டு, பச்சைக்கிளியும் உண்டு. இப்படி ஒன்றின் முன்னால் முதன்முதலாக நிற்பவருக்கு முதலில் வருவது மலைப்பு, அடுத்து வருவது கால் வலி. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுகிறோம். மறுமலர்ச்சிக் காலத்து மத ஓவியங்களில் மிகப் பெரியவற்றை எப்படிப் பார்ப்பது என்று இந்த ஒரு படத்தை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கதை. அது தெரியாமல் படத்துக்குள் போனால் ஏதோ பணக்காரர் வீட்டு விருந்து என்று தோன்றும். வெரோனேசேயின் காலத்து ஆட்கள் சிலருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

யோவான் சுவிசேஷம், இரண்டாம் அதிகாரம், முதல் பதினோரு வசனங்கள். கலிலேயாவில் கானா என்கிற ஊரில் கல்யாணம். இயேசு, அவருடைய தாயார், சீஷர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். பாதி விருந்தில் திராட்சரசம் தீர்ந்துபோகிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனாலே பெண் வீட்டார் படுகிற பாடு நமக்குத் தெரியும். தாயார் மகனிடம் விஷயத்தைச் சொல்கிறார். “என் வேளை இன்னும் வரவில்லை” என்கிறார் மகன். ஆனாலும் அங்கிருந்த ஆறு கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார். அவை சின்னச் சாடிகள் இல்லை. ஆறும் சேர்ந்து இன்றைய கணக்கில் 500 முதல் 700 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீரை மொண்டு பந்திவிசாரிப்புக்காரனிடம் கொண்டுபோகச் சொல்கிறார். (தமிழ் வேதாகமத்தில் இருக்கும் சொல் இது. இதைவிடப் பொருத்தமாக இன்னொரு சொல் கிடைக்காது.) அவன் ருசி பார்க்கிறான். உடனே மணவாளனைக் கூப்பிட்டு, ஊரெல்லாம் நல்ல ரசத்தை முதலில் கொடுத்து மட்டமானதைக் கடைசிக்கு வைப்பார்கள், நீ நல்லதை இதுவரைக்கும் வைத்திருந்தாயே என்கிறான்.

நடுவில் ஒரு சின்ன வாக்கியம் வருகிறது. அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியாது, தண்ணீரை மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரியும். என் பார்வையில் இந்தப் படத்தின் சாவி அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. அற்புதம் நடந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது, பரிமாறுகிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, படம் எங்கே இருந்தது என்பது. அருங்காட்சியகச் சுவர் இதற்குச் சொந்த வீடு இல்லை. வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், சான் ஜார்ஜோ மஜ்ஜோரே என்று ஒரு தீவு. அங்கே பெனடிக்டின் துறவிகளின் மடம். அவர்களுடைய சாப்பாட்டுக் கூடத்தைக் கட்டிக்கொடுத்தவர் ஆந்திரேயா பல்லாதியோ, அந்தக் காலத்தின் பெரிய கட்டடக் கலைஞர். கூடத்தின் கோடிச் சுவருக்காகக் கேட்டு வாங்கப்பட்ட படம் இது. அந்தத் துறவிகள் சாப்பிடும்போது பேசக் கூடாது. ஒருவர் வேதநூல் வாசிப்பார், மற்றவர்கள் வாய்மூடிச் சாப்பிடுவார்கள். அவர்கள் தலைக்கு மேலே இவ்வளவு ஆரவாரமான ஒரு விருந்து.

அவர்கள் இதை ஒருநாள், ஒரு நிமிடம் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக, தினமும், சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். இன்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு நாயைப் பார்த்தவர் நாளைக்குச் சூப்போடு வேறொரு முகத்தைப் பார்த்திருப்பார். அப்படித் தவணை முறையில் பார்ப்பதற்காகவே இவ்வளவு விவரங்களைச் சேர்த்திருக்கிறார் ஓவியர். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிற பதற்றம் நமக்குத் தேவையே இல்லை.

சரி, படத்துக்குள் போவோம். எல்லாரும் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் வலப்பக்கக் கீழ்மூலையிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

அங்கே மஞ்சள் உடையில் ஒரு வேலைக்காரர், பெரிய கற்சாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்துச் சின்னக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். விழுகிற தாரையைப் பாருங்கள், சிவப்பு. தண்ணீர் ரசமானதைப் படம் முழுவதிலும் இவ்வளவு நேரடியாகக் காட்டும் இடம் இதுதான். 700 சதுர அடியில் அதற்குக் கிடைத்தது ஓரமாக ஒரு மூலை. பக்கத்தில் ஒரு பூனை மல்லாந்து படுத்துக்கொண்டு சாடியில் செதுக்கிய முகத்தைப் பிராண்டி விளையாடுகிறது. அற்புதம் நடந்த பாத்திரம் என்று பூனைக்கு என்ன தெரியும்?

அங்கிருந்து கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால், பூவேலை செய்த வெள்ளைப் பட்டாடையில் ஒருவர் நின்றுகொண்டு, கையிலிருக்கும் கண்ணாடிக் கோப்பையை உற்றுப் பார்க்கிறார். இன்னும் குடிக்கவில்லை. நிறத்தைப் பார்க்கிறார். புதுச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவரின் முகம்தான் அவருக்கும். ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று சந்தேகம் தட்டிய ஆள்.

இப்போது ஒரே தாவலாக இடக்கோடிக்குப் போங்கள். மேஜையின் முனையில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிறார்கள். ஆம், கல்யாண ஜோடிக்கு இந்தப் படத்தில் ஓரச் சீட்டுத்தான்! ஒரு கறுப்பினச் சிறுவன் மாப்பிள்ளையிடம் கோப்பையை நீட்டுகிறான். பக்கத்தில் பச்சை அங்கி போட்ட ஆள் ஒருவர் மேற்பார்வை தோரணையில் நிற்கிறார். இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில், ‘ப’ வடிவ மேஜையைச் சுற்றி, வெனிஸின் பணமும் பகட்டும் நிரம்பி வழிகின்றன. தலைப்பாகைக்காரர்கள், முத்துமாலைப் பெண்கள், கிளியைப் பிடித்திருக்கும் ஒரு குள்ளர். ஒரு சீமாட்டி வெகு நிதானமாகப் பல் குத்திக்கொண்டிருக்கிறார். இவர்களில் யாருக்காவது விஷயம் தெரியுமா என்று ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். வேடிக்கையான வேலை அது. தெரிந்ததாகத் தோன்றும் முகம் அபூர்வம். இன்னொன்றையும் கவனியுங்கள். பேசுவதற்காக வாய் திறந்த முகம் இந்தக் கூட்டத்தில் கிடைப்பது கஷ்டம். கீழே மௌனமாகச் சாப்பிட்டவர்களுக்காக வரைந்த விருந்து இது.

இவ்வளவு சுற்றியபிறகு நடுவுக்கு வாருங்கள். இயேசு அங்கே உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்க, அவர் மட்டும் அசையாமல் நேரே நம்மைப் பார்க்கிறார். அவருக்கும் தாயாருக்கும் மட்டும் தலையைச் சுற்றி ஒளி. வெனிஸ் நாகரிகத்தில் ஜொலிப்பவர்களுக்கு நடுவில் இவர்கள் இரண்டு பேர் உடையும் பழங்காலத்து எளிய உடை. வேண்டுமென்றே அப்படி. மற்றவர்கள் 1563-ல் இருக்கிறார்கள், இவர்கள் வேறொரு காலத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேதக் கதையைத் தங்கள் ஊரில், தங்கள் காலத்தில் நடப்பதாக வரைவது அன்றைய இத்தாலிய ஓவியர்களுக்கு வழக்கம். இரண்டு காலத்தையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததில் வெரோனேசேயின் சாமர்த்தியம் தெரிகிறது.

இயேசுவின் முகத்திலிருந்து ஒரு நேர்க்கோட்டை மேலே இழுங்கள். குறுக்கே ஒரு கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. அதற்குப் பின்னால், சரியாக அவர் தலைக்கு மேலே, ஒருவன் கத்தியை ஓங்கி இறைச்சி வெட்டுகிறான். இப்போது கீழே விருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேஜையில் பழங்கள், இனிப்பு. சாப்பாடு முடிந்துவிட்டது. பாயசம் தாண்டி வெற்றிலை பாக்கு வரைக்கும் வந்துவிட்ட பந்தியில் இப்போது போய் எதற்குக் கறி வெட்ட வேண்டும்?

அந்தக் கத்தி விருந்தினருக்காக இல்லை. “இதோ, தேவ ஆட்டுக்குட்டி” என்று இயேசுவைப் பற்றி யோவான் ஸ்நானகன் சொல்வது இதற்கு முந்தின அதிகாரத்தில்தான் வருகிறது. பலியாகப் போகிறவரின் தலைக்கு மேலே வெட்டப்படும் ஆடு. அதே நேர்க்கோட்டைக் கீழே இழுத்தால் இசைக் கலைஞர்கள் சூழ்ந்த சின்ன மேஜை வருகிறது. அதன்மேல் ஒரு மணற்கடிகாரம். “என் வேளை இன்னும் வரவில்லை” என்ற வசனம் அங்கே பொருளாகவே உட்கார்ந்திருக்கிறது. மேலே கத்தி, நடுவில் முகம், கீழே மணல். இது கண்ணில் பட்ட பிறகு அந்த விருந்தின் சத்தம் எனக்கு அப்படியே அடங்கிவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்து மறுமலர்ச்சி ஓவியம் எதைப் பார்த்தாலும் இந்த வித்தையைச் செய்து பாருங்கள். முக்கியமான உருவத்தைக் கண்டுபிடித்ததும் அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். எல்லாப் படத்திலும் இவ்வளவு அழகாகப் பலிக்காது. ஆனாலும் பழக்கம் நல்லது.

அடுத்து ஆழம். ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கோடும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தெரியும். இத்தாலிய ஓவியர்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்காகக் கற்றுக்கொண்டு, தட்டையான சுவரில் ஆழத்தைக் காட்டினார்கள். பாடப்புத்தக விதிப்படி படம் முழுவதற்கும் ஒரே புள்ளி. வெரோனேசே அதற்குக் கட்டுப்படவில்லை. தரையின் கோடுகளையும் மேஜையின் கோடுகளையும் தூண்களின் கோடுகளையும் ஸ்கேல் வைத்து நீட்டினால் ஒரே இடத்தில் சேராது. தவறு என்று சொல்லத் தோன்றும். ஆனால் படம் தரையிலிருந்து உயரத்தில் இருந்தது, கூடமோ நீளமானது, ஒவ்வொரு துறவியும் ஒவ்வொரு இடத்திலிருந்து பார்த்தார். ஒரே புள்ளி வைத்திருந்தால் ஒரு நாற்காலிக்கு மட்டும் படம் ஒழுங்காகத் தெரிந்திருக்கும்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, பார்த்தால் போதும். ஒப்பந்தத்தில் உயர்ந்த வண்ணங்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மடத்தார் எழுதி வாங்கினார்கள். அந்த வானத்து நீலத்தைப் பார்க்கும்போது அன்றைய விலையுயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானில் வெட்டிய லாஜவர்த்தக் கல்லை அரைத்து எடுத்தது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓவியருக்குக் கூலி 324 டூகட் (அன்றைய வெனிஸ் நாணயம்), அதோடு சாப்பாடும் ஒரு பீப்பாய் ஒயினும். திராட்சரசம் தீர்ந்துபோன கதையை வரைய ஒயினையும் கூலியில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்! 1562 ஜூனில் ஒப்பந்தம், அடுத்த வருஷம் இலையுதிர் காலத்துக்குள் படம் முடிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கவே நம் ஊரில் தவணை கேட்கும்போது இது பெரிய வேகம். தம்பி பெனடெத்தோவும் பட்டறை ஆட்களும் உதவினார்கள்.

சுவரில் நேரடியாக வரையாமல் ஏன் துணியில் வரைந்தார் என்ற கேள்வி வரலாம். வெனிஸ் தண்ணீரில் நிற்கும் ஊர். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் சுண்ணாம்புச் சுவர் ஓவியம் உதிர்ந்துவிடும். கப்பல் கட்டும் ஊராகையால் பாய்த்துணிக்குப் பஞ்சமில்லை. துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது அங்கே பழகிப்போன முறை. ஆனால் துணியைச் சுருட்டலாம், சுருட்டினால் தூக்கிக்கொண்டும் போகலாம்.

அதற்கு முன் இசைக் கலைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை உடையில் வயோலா வாசிப்பவர் வெரோனேசேயே என்றும், சிவப்பு உடையில் பெரிய வாத்தியத்தோடு இருப்பவர் அன்றைய வெனிஸின் பெரிய ஓவியரான முதியவர் தித்சியானோ என்றும் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். விருந்தாளிகளில் துருக்கி சுல்தான் சுலைமான், பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா என்றெல்லாம்கூடப் பட்டியல் போடுவார்கள். ஓவியர்கள் விஷயத்தை நம்பலாம்போல இருக்கிறது, சுல்தான் எனக்குச் சந்தேகம். எதுவானாலும் பிரபலங்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இறங்கினால் பூனை கண்ணில் படாது.

இப்படிக் குள்ளர், கோமாளி, நாய் என்று வேதக் கதைக்குள் நிரப்புவதை எல்லாரும் ரசிக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, வேறொரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெரோனேசே ‘கடைசி இராப்போஜனம்’ வரைந்தார். 1573 ஜூலையில் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைக் கூப்பிட்டது. கோமாளி எதற்கு, ஜெர்மானியப் படைவீரர்கள் எதற்கு, மூக்கில் ரத்தம் வடியும் வேலைக்காரன் எதற்கு? கவிஞர்களும் பைத்தியக்காரர்களும் எடுத்துக்கொள்கிற சுதந்திரத்தை ஓவியர்களான நாங்களும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் பதில் சொன்னது பதிவாகியிருக்கிறது. மூன்று மாதத்தில் படத்தைத் திருத்த உத்தரவானது. அவர் தலைப்பை மாற்றினார். ‘லேவியின் வீட்டில் விருந்து’ என்று பெயர் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. அது இன்றும் வெனிஸ் அக்கடேமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கானாவூர்க் கல்யாணம் வெனிஸில் இல்லை. 1797-ல் நெப்போலியனின் படை வெனிஸைப் பிடித்தபோது துணியைச் சுவரிலிருந்து இறக்கி, வெட்டிச் சுருட்டிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1815-ல் நெப்போலியன் விழுந்தபிறகு கொள்ளைபோன பல ஓவியங்கள் இத்தாலிக்குத் திரும்பின. இதையோ பயணம் தாங்காது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். பதிலுக்கு ஷார்ல் லெ ப்ரன் என்ற பிரெஞ்சு ஓவியரின் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். வரும்போது தாங்கிய துணி திரும்பும்போது தாங்காதாம்.

1989-ல் லூவ்ர் படத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. இடப்பக்கம் நிற்கும் மேற்பார்வைக்காரரைச் சொன்னேன் அல்லவா, அவர் அங்கி அதுவரை சிவப்பு. மேல்வண்ணத்தை நீக்கினால் உள்ளே பச்சை. சிவப்பு யாரோ பிற்காலத்தில் பூசியது என்றது லூவ்ர். இல்லை, வெரோனேசேயே மனம் மாறிப் பூசியது என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். வேலை முடியும் தறுவாயில், 1992-ல், படத்தை உயரத் தூக்கும்போது அது விழுந்து துணி கிழிந்தது. தைத்துச் சரிசெய்தார்கள்.

சான் ஜார்ஜோ மடத்தின் சுவர் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அசல் இல்லாமல் இருந்தது. மாட்ரிடைச் சேர்ந்த ஃபேக்டம் ஆர்ட்டே என்ற நிறுவனம் லூவ்ரில் இரவு நேரங்களில் படத்தை ஸ்கேன் செய்து, தையல் மேடு பள்ளம் வரைக்கும் அதே அளவில் நகல் ஒன்றைத் தயாரித்தது. படம் பறிபோய்ச் சரியாக 210 வருஷம் கழித்து, 2007 செப்டம்பரில், நகலைப் பல்லாதியோவின் கூடத்தில் அதே சுவரில் மாட்டினார்கள். அசல் தவறான இடத்தில், நகல் சரியான இடத்தில். எதைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டால், முடிந்தால் இரண்டையும் என்பேன். ஒன்றுதான் முடியும் என்றால் எனக்கு வெனிஸ். வரைந்த தூண்களும் கட்டின கூடமும் அங்கேதான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

வீட்டிலிருந்தே பார்க்கிறவர்களும் குறைப்பட வேண்டாம். நல்ல தெளிவுள்ள படம் இணையத்தில் கிடைக்கும். ஃபோனில் முழுப்படத்தைப் பார்க்காதீர்கள், 130 பேரும் எறும்பு மாதிரித் தெரிவார்கள். ஒரு முகம் திரையை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு விரலால் மெல்ல நகர்த்துங்கள். ஒருநாளைக்கு ஒரு பக்கம் போதும், துறவிகள் மாதிரி. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால் இன்னும் பொருத்தம்.

பாரிஸ் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. மோனாலிசா அறையில் வரிசை நகரும்போது கொஞ்சம் திரும்பி நின்றுகொள்ளுங்கள். வரிசை தானாகத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குள் மஞ்சள் உடைக்காரரையும் பூனையையும் பிடித்துவிடலாம்.